மிக்ஸி போட்ட பாதை

நியூசிலாந்தின் தெற்குத் தீவைச் சுற்ற மோட்டார்ஹோம்தான் சரி என்று மச்சினன் சொன்னதும், "ஷூட்டிங்ல ஹீரோயின் ரெஸ்ட் எடுக்குமே, அந்தக் கேரவனா?" என்று கேட்டார் அத்தை. கிட்டத்தட்ட அதுதான் என்றோம். உடனே சம்மதித்துவிட்டார்.

வண்டி ஓட்டுவதில் பெரிய சிக்கல் இல்லை. அங்கேயும் இடப்பக்கம்தான், ஆங்கிலத்தில் அச்சிட்ட நம்மூர் லைசென்ஸே செல்லும். தகராறெல்லாம் ராத்திரி எங்கே நிறுத்துவது என்பதில்தான். இதில் எனக்கு ஒரு ரகசியக் கனவு இருந்தது. ஏதோ ஒரு ஏரிக்கரை, பைசா செலவில்லை, காலையில் கதவைத் திறந்தால் பனிமலை. அந்த ஊரில் இதற்கு 2011-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். கழிப்பறையை வண்டிக்குள் நிலையாகப் பொருத்திச் சான்றிதழும் வாங்கியிருக்க வேண்டும் என்று 2023-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். சான்றிதழ் இருந்தாலும் கண்ட இடத்தில் படுத்துவிட முடியாது. ஊருக்கு ஊர் நகராட்சி விதி வேறு. என் கனவுக்கு இத்தனை ஷரத்துகள் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

சரி, சட்டத்துக்கு உட்பட்டே கனவு காண்போம் என்று ஆவோராக்கி மலையடிவாரத்தில் ஓர் இடம் பிடித்தேன். 3,724 மீட்டர், நாட்டிலேயே உயரமான சிகரம். 1991-இல் உச்சியிலிருந்து பெரும்பாறை சரிந்து விழுந்ததில் கொஞ்சம் இளைத்துவிட்டதே தவிர, கம்பீரத்துக்குக் குறைவில்லை. அதன் காலடியில் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம். கட்டணமும் குறைவு. படத்தைக் காட்டினேன்.

"அழகா இருக்கு மாப்ள. கரண்ட் உண்டா?"

இல்லை. மோட்டார்ஹோமில் விளக்கு பேட்டரியில் எரியும், அடுப்பு கேஸில் எரியும். ஆனால் 230 வோல்ட் கேட்கும் சாமான் எதுவும், மின்இணைப்புள்ள முகாமில் வயரைச் செருகினால்தான் ஓடும். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அத்தையின் முகம் மாறிவிட்டது. இட்லி கேஸில் வெந்துவிடும். சட்னிக்கு மிக்ஸி வேண்டுமே?

அன்றிலிருந்து எங்கள் பாதையைப் போட்டது மிக்ஸிதான். ஆவோராக்கி பகலில் எட்டிப் பார்த்துவிட்டு வரும் இடமாகத் தாழ்ந்தது. டெக்காப்போ ஏரிக்கரையில் பிளக் உள்ள முகாம் இருந்ததால் அதற்கு இரண்டு ராத்திரி கிடைத்தது. அந்த வட்டாரம் 2012 முதல் இருள்வானக் காப்பகம், நட்சத்திரம் தெரிவதற்காகத் தெருவிளக்குக்கெல்லாம் கட்டுப்பாடு என்று மச்சினன் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னான். "அப்ப அங்கயும் கரண்ட் கட்டா?" என்றார் அத்தை, நம்பிக்கையிழந்து.

மில்ஃபோர்ட் சவுண்டுக்கு வந்தபோது பேச்சுவார்த்தை முற்றியது. வரைபடத்தில் க்வீன்ஸ்டவுனிலிருந்து அத்தையின் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. "இதோ இருக்கு, காலைல போயிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடலாம்." நேர்கோட்டில் பறக்கத் தெரிந்தவர்களுக்குச் சரி. நடுவில் மலைகள் நிற்பதால் சாலை தெற்கே இறங்கி, டெ அனாவ் ஊரைச் சுற்றிக்கொண்டு, ஏறக்குறைய 290 கிலோமீட்டர் போகிறது. கடைசியில் மலையைக் குடைந்த ஹோமர் சுரங்கம்; 1.2 கிலோமீட்டர், உள்ளே சரிவு. அதன் வாசலில் கியா என்ற மலைக்கிளிகள் காத்திருக்கும். நிற்கிற வண்டியின் ஜன்னல் ரப்பரைக் கொத்தி உரிப்பது அவற்றுக்குப் பொழுதுபோக்கு. வாடகை வண்டி என்றெல்லாம் அவை பார்ப்பதில்லை. ஆகவே டெ அனாவில் தங்குவது என்று தீர்மானம் ஆயிற்று. அங்கே பிளக் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகு கியாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இட்லிப்பொடி கொண்டுபோனால் மிக்ஸியே வேண்டாமே என்று என் மனைவி ஒரு யோசனை சொன்னாள். நல்ல யோசனைதான். ஆனால் அங்கே விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான் எதையும் எழுதிக் காட்ட வேண்டும். மறைத்து மாட்டினால் நின்ற இடத்தில் 400 டாலர். பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதியே இல்லை. அத்தைக்கு இது பிடிக்கவில்லை. பொடியும் போகும், மிக்ஸியும் போகும் என்று அறிவித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பாதை முடிந்ததும் வேலைப் பங்கீடு. மச்சினன் ஓட்டுவான். மனைவி வழி சொல்வாள். சமையல் அத்தை. "மாப்பிள்ளைக்கு என்ன?" என்ற கேள்வி வந்தபோது மச்சினன் வரைபடத்தில் அங்கங்கே சிவப்புப் புள்ளி வைத்திருந்ததைக் காட்டினான். டம்ப் ஸ்டேஷன்கள். வண்டிக் கழிப்பறையின் அடியில் ஒரு பெட்டி உண்டு. நாலு பேர் என்றால் இரண்டு நாளில் நிரம்பிவிடும். அதை உருவி எடுத்து, உருட்டிக்கொண்டு போய், கவிழ்த்து, அலசி, மறுபடி மாட்ட வேண்டும். "அத்தான் பொறுமைசாலி, அவர்தான் சரி" என்றான்.

அத்தை பதறிப்போனார். "ஐயய்யோ, வீட்டு மாப்பிள்ளையப் போய் அந்த வேலை செய்யச் சொல்றதா? நம்ம சனம் என்ன சொல்லும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருட மரியாதை.

அவர் மகன் பக்கம் திரும்பினார். "நல்ல கையுறையா, முழங்கை வரைக்கும் வர்றதா பார்த்து வாங்கிக் குடுடா."