அவர்களே, அவர்களே

வடசென்னையில் மேடைப்பேச்சுக்கு நல்ல வம்சாவளி உண்டு. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்தது. அண்ணா பேசினார், கூட்டம் நனைந்தபடி கேட்டது. பேச்சில் விஷயம் இருக்க வேண்டும் என்ற குறைபாடு அன்று இருந்தது. இப்போது நீங்கிவிட்டது.

மேடையேற விரும்புவோருக்கு முதல் பாடம் உச்சரிப்பு. கிரேக்கத்து டெமாஸ்தனீஸ் வாயில் கூழாங்கல் போட்டுப் பழகியதாகச் சொல்வார்கள். ராயபுரம் கரையில் கடலரிப்புக்காகக் கொட்டியிருப்பவை பாறாங்கற்கள், வாய்க்கு அடங்காது. ஆகவே எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியின் ஹாரனோடு போட்டியிட்டுக் கத்தினால் போதும்.

அடுத்தது விளிப்பு. இதுவே கலையின் உயிர். வட்டம், பகுதி, மாவட்டம், முன்னாள், இந்நாள் என மேடையிலுள்ள ஒவ்வொருவரையும் பட்டத்தோடு சொல்லி 'அவர்களே' சேர்க்க வேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் அடுத்த நோட்டீசில் பேச்சாளரின் பெயர் விடுபடும். நடுவே துண்டுச்சீட்டு வரும். அதில் இன்னும் நாலு பெயர். போட்டோ எடுத்து முடியும்வரை பொன்னாடையின் முனையை விடாமல் பிடித்திருப்பதும் நாவன்மையில் அடங்கும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி கெடு. கைதேர்ந்தவர் 9.58-க்கு 'சுருக்கமாகச் சொல்லி அமர்கிறேன்' என்பார்.

எதிரே இருப்போரையும் மேடைக்கே அழைத்துவிடுவது விளிப்பின் உச்சநிலை. கீழே எஞ்சுபவர் மைக்செட்காரர் ஒருவரே; அவரும் அன்புச் சகோதரர் அவர்களே ஆவார். பத்து மணிக்கு அவர் வயரைப் பிடுங்குவார். பேச்சில் எந்தக் குறையும் ஏற்படாது.