அடைக்கோழியும் அடைப்பெட்டியும்

கடையில் விற்கும் இன்குபேட்டர் நல்லதா, அடைக்கோழி நல்லதா?
(சித்தூர் வாசகர்)

பத்துப் பன்னிரண்டு முட்டை என்றால் நாட்டுக்கோழியை மிஞ்ச ஆளில்லை. சூடு, ஈரம், திருப்புதல் மூன்றையும் தானே பார்த்துக்கொள்ளும். கரன்ட் பில்லும் வராது. ஒரே சிக்கல், எப்போது அடையில் உட்காருவது என்பது அதன் இஷ்டம். நீங்கள் நினைத்த வாரத்தில் நாற்பது முட்டை வைக்க வேண்டுமா? அப்போது பெட்டிதான்.

ஃபேன் வைத்த பெட்டிக்கு விலை கூடுதலாகக் கேட்கிறார்கள். முட்டைக்கு எதற்கு ஃபேன்?
(புத்தூர் வாசகர்)

வியர்க்கும் என்று அல்ல. சூடான காற்று மேலே போய்விடும். ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே சித்திரை, கீழே மார்கழி. ஃபேன் சுற்றினால் எங்கும் ஒரே 37.5 டிகிரி. ஒரே அடுக்காக ஒரு டஜன் முட்டைதான் என்றால் ஃபேன் இல்லாமலும் ஒப்பேற்றலாம். முட்டையின் உச்சி மட்டத்தில் தெர்மாமீட்டரை வைத்து ஒரு டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள்.

தெர்மாகோல் பெட்டியில் எல்.இ.டி. பல்பு மாட்டினேன். ஒன்றும் பொரிக்கவில்லையே?
(நகரி வாசகர்)

முட்டை என்ன பரீட்சைக்கா படிக்கிறது, வெளிச்சம் கேட்க? பழைய குண்டு பல்பு கரன்டில் பெரும்பங்கைச் சூடாக வீணடிக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த வீண்தான்.

மே மாதத் திருப்பதி வெயிலில் பெட்டி எதற்கு? மொட்டை மாடியில் வைத்தாலே பொரியாதா?
(திருப்பதி வாசகர்)

பொரியும். எந்த அர்த்தத்தில் என்பதுதான் கேள்வி. வீட்டுப் பெட்டிக்குச் சூடேற்றத் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. அறைச்சூடு 38ஐத் தாண்டினால் தெர்மோஸ்டாட் பல்பை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கும். கரன்ட் போய்ச் சில மணி நேரம் சூடு குறைந்தால் கரு பொறுத்துக்கொள்ளும். 40ஐத் தாண்டிய சூடு நீடித்தால் பொறுக்காது. கோடையில் வீட்டிலேயே குளுமையான அறையைப் பெட்டிக்குக் கொடுங்கள். பலமநேர், குப்பம் மேட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு.

'100 சதவீதம் பொரிக்கும்' என்று விளம்பரம் செய்கிறார்களே?
(பாகாலா வாசகர்)

காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் அதையே சத்தியம் பண்ணச் சொல்லுங்கள். சதவீதம் மளமளவென்று இறங்கும். சேவல் சேராத முட்டையை எந்தப் பெட்டியாலும் பொரிக்க முடியாது. பண்ணையிலிருந்து கடைக்கு வரும் முட்டை பெரும்பாலும் அந்த ரகம்தான். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல ரத்தநாளம் தெரிந்தால் கரு இருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் அதை எடுத்துவிடுங்கள்.

தானாக முட்டையைத் திருப்பும் பெட்டி அவசியமா?
(ஸ்ரீகாளஹஸ்தி வாசகர்)

பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர் என்றால் அவசியம். திருப்பாமல் விட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் இருப்பவர் என்றால் கையே போதும்: தினம் மூன்று முறை அல்லது ஐந்து முறை. ஒற்றைப்படையாக இருந்தால்தான் நீண்ட இரவில் தினமும் ஒரே பக்கம் படுக்காது. 18ஆம் நாளோடு நிறுத்திவிட்டு, ஈரப்பதத்தை 50–55இலிருந்து 65–70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள்.

பெட்டி காட்டும் டிகிரியை நம்பலாமா?
(குப்பம் வாசகர்)

வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இருக்குமே, அதையும் உள்ளே வைத்துப் பாருங்கள். ஃபேன் பெட்டியில் 99.5 ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். பிள்ளைக்கு 99.5 என்றால் பதறுவீர்கள். முட்டைக்கு அதுதான் ஆரோக்கியம்.

21ஆம் நாள் ஓட்டில் கீறல் விழுந்தது. அரை நாளாகியும் குஞ்சு வரவில்லை. உடைத்து உதவலாமா?
(திருப்பதி வாசகி)

திருமலையில் சர்வ தரிசனத்துக்கு எவ்வளவு நேரம் நின்றீர்கள் அம்மா? கீறல் விழுந்தபின் ஒரு நாள் ஆவதும் சகஜம். மூடியைத் திறந்தால் ஈரம் போய், சவ்வு காய்ந்து, குஞ்சு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெளியே வந்த குஞ்சுக்கும் அவசரமில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு இரண்டு நாள் தாங்கும். அடைக்கோழியைப் பாருங்கள்: உள்ளே கீச்சுக்குரல் கேட்டாலும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும். எந்தப் பெட்டியோடும் அந்தப் பொறுமையை வைத்து விற்பதில்லை. அதை வாங்குகிறவர்தான் கொண்டுவர வேண்டும்.