அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் பென்சில் கடன்: ஓர் ஆய்வு

முதலில் காலத்தை வரையறுத்துக்கொள்வோம். முப்பருவ முறை 2012-13இல் வந்ததிலிருந்து, தொடக்கப் பள்ளியில் டிசம்பரில் நடப்பது இரண்டாம் பருவத் தேர்வு. அப்படிச் சொன்னால் பிள்ளைகளுக்கும் புரியாது, பெற்றோருக்கும் புரியாது, எழுதுகிற எனக்கும் ஒரு நொடி பிடிக்கும். அரையாண்டு லீவு என்றால் மார்கழிக் கோலத்துக்குச் சாணி உருட்டும் பாட்டிக்குக்கூடப் புரியும். ஆகவே இக்கட்டுரை ஏட்டு வழக்கை விடுத்து உலக வழக்கையே கைக்கொள்கிறது.

களம், தாமிரபரணிக்குத் தெற்கே ஓர் ஈராசிரியர் பள்ளி. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். ஆய்வாளர் அவ்வகுப்புகளின் ஆசிரியை. ஆய்வுக் கருவிகள்: இரும்பு அடிக்குச்சி ஒன்று, பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கம், பிள்ளைகள் கவனிக்காதபோது கவனிக்கும் பழக்கம்.

விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் வகுப்பில் படிப்பு நடப்பதில்லை என்று ஆசிரியர் ஓய்வறைகளில் ஒரு கொள்கை உண்டு. இரண்டாம் பருவப் புத்தகம் முடிந்துவிட்டது, மூன்றாம் பருவப் புத்தகம் இன்னும் வரவில்லை, நடுவில் வெறும் தேர்வும் திருப்புதலும்தான் என்பது அவர்கள் வாதம். இது கரும்பலகையைப் பார்த்துப் பேசுகிறவர்களின் பிழை. தரையைப் பார்த்தால் வேறு கதை. அங்கே இலக்கணம், கணக்கு, சட்டம், வங்கியியல் நான்கும் ஒரே பென்சிலைக் கொண்டு கற்கப்படுகின்றன.

இலக்கணத்திலிருந்து தொடங்குவோம். ஒன்றைக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என மூன்று சொற்களை வகுத்தார் தொல்காப்பியர். தாழ்ந்தவன் கேட்டால் ஈ, ஒத்தவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய விதி இன்று செல்லுமா என்று ஐயுறுவோர் தேர்வு நாளன்று காலை ஒன்பதே முக்காலுக்கு எங்கள் வகுப்புக்கு வரலாம். “எலே, ஒரு பென்சில் தால, பரீட்ச முடிஞ்சதும் தாரேன்” என்பது ஒத்தவன் கூற்று. “பென்சிலக் கொடுத்துட்டு உக்காரு” என்பது என் கூற்று. ஈ மட்டும் வழக்கொழிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஏற்கெனவே மூன்று பென்சில் கடன்பட்டு ஒன்றையும் திருப்பாதவன், நான்காவது கேட்க வரும்போது வாய் திறந்து எதுவும் கேட்பதில்லை. எதிரே நின்று ஈ என்று பல்லை இளிக்கிறான். விதி உயிரோடுதான் இருக்கிறது.

அடுத்து கணக்கு. செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் சுவரைச் சுற்றி, பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்தில், கரும்பலகை பூசினார்கள். ஆளுக்கொரு கட்டம். அதை வகுத்தவர்கள் எழுத்துப் பயிற்சிக்கென்று வகுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் அதைக் கடன் பேரேடாக நடத்துகிறார்கள். கடன் கொடுப்பவன், கொடுக்குமுன் பென்சிலைத் தன் கட்டத்தில் செங்குத்தாக வைத்து, பக்கத்தில் சாக்பீஸால் அதே நீளத்துக்கு ஒரு கோடு இழுக்கிறான். கோட்டின் அடியில் வாங்கியவன் பெயர். திரும்பி வரும்போது பென்சிலைக் கோட்டோடு ஒட்டிவைத்துப் பார்ப்பான். குறைந்திருந்தால், குறைந்த இடத்தைச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டுவான். பேச்சே கிடையாது. புதன்கிழமைக்குள் சுவர் முழுக்கக் கோடுகள் எழும்பி, பங்குச்சந்தை வரைபடம் போல ஆகிவிடும்.

புதுப் பென்சில் ஏறக்குறைய பதினேழரை சென்டிமீட்டர். நம் பழைய கீழ்வாய் இலக்கத்தில் மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. ஆக, ஒரு மாகாணிப் பென்சில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு பாடத்துக்குத் தேர்வு எழுத அரை மாகாணி தேயும் என்று வகுப்பில் ஏற்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் தேய்ந்தால் வழக்கு. வழக்குகளில் பாதி, பென்சிலைக் கீழே போட்டதால் வருபவை. 1795இல் காண்டே என்ற பிரெஞ்சுக்காரர், கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டுக் குச்சியாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். சுட்ட மண் பானை போலத்தான், விழுந்தால் உடையும். ஆனால் பானை உடைந்தால் தெரியும். பென்சில் மரத்துக்குள்ளேயே உடைந்து, வெளியே ஒன்றும் அறியாத முகத்தோடு இருக்கும். சீவச் சீவ முனை கழன்று விழும். கொடுத்தவன் வாங்கியவனைச் சொல்வான், வாங்கியவன் கொடுத்தவனைச் சொல்வான். சாட்சி சொல்ல வேண்டியது மரத்துக்குள் இருக்கிறது.

இவ்வாய்வில் கிடைத்த வழக்குகளில் தலையாயது வாலில் ரப்பர் வைத்த பென்சிலைப் பற்றியது. கடன் வாங்கியவள் கணக்குத் தேர்வில் வகுத்தல் வராமல் வாலைக் கடிக்க, ரப்பர் கையோடு, இல்லை, பல்லோடு வந்துவிட்டது. அவள் வாதம் இது: “டீச்சர், அவன் பென்சில்தான் கடனா தந்தான். ரப்பர் தரல. அது தானா கூட வந்துச்சு.”

ரப்பர் பென்சிலின் சினையா, தனி முதலா என்பதே வினா. இலக்கணம் கையை விரிக்கவே, அயல்நாட்டுத் தீர்ப்பை நாட வேண்டியதாயிற்று. பென்சிலின் ஒரு முனையில் ரப்பரைப் பொருத்தியதற்காக 1858இல் ஹைமன் லிப்மன் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். பின்னர் அவ்வுரிமையை விலைக்கு வாங்கிய ரெக்கண்டார்ஃபர், பென்சில் தயாரிப்பாளரான ஃபேபர் மீது வழக்குத் தொடுத்தார். 1875இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்றது. பென்சில் பென்சிலாகவே வேலை செய்கிறது, ரப்பர் ரப்பராகவே வேலை செய்கிறது, இரண்டையும் ஒட்டிவிட்டதால் புதுப் பொருள் ஒன்றும் பிறந்துவிடவில்லை என்பது தீர்ப்பின் சாரம். அதன்படி, பென்சில் முழுசாகத் திரும்பிவிட்டது. ரப்பர் தனிப் பொருள். தனிப் பொருளைத் தின்றதற்குத் தனியாக ஈடு தர வேண்டும். அவள் பக்கத்துப் பிள்ளையிடம் ஒரு ரப்பர் கடன் வாங்கி இந்தக் கடனை அடைத்தாள். பெரியவர்கள் இதற்கு வேறு பெயர் வைத்து வட்டி விகிதம் பேசுவார்கள்.

வட்டி இங்கேயும் உண்டு. மார்கழியில் இலந்தை பழுக்கத் தொடங்கும். ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு பழம். சீவலும் கடன் கொடுத்தவனைச் சேரும் என்பது எழுதாத விதி. விசிறி மாதிரி அறுபடாமல் வருகிற சீவலை ஒட்டிப் புத்தாண்டு வாழ்த்து அட்டையில் பூ செய்வார்கள். பாலில் ஊறவைத்தால் சீவல் ரப்பராகும் என்ற பழங்கொள்கையை இப்போது யாரும் நம்புவதில்லை. நானும் நம்பவில்லை, மூன்றாம் வகுப்பில் அம்மாவிடம் அடி வாங்கிய பிறகு.

எல்லாக் கடனும் ஏன் இந்த ஒரு வாரத்துக்குள் தீர வேண்டும்? வங்கியில் தவணை தொண்ணூறு நாள் தாண்டினால்தான் வாராக்கடன். எங்கள் வகுப்பில் ஒரு வார விடுமுறையே போதும். காரணம் மறதியன்று. கடைசி நாள் மாலை வகுப்பைக் கழுவுவார்கள். ஈரத் துணியால் கீழ்ப்பலகையை ஒரு இழுப்பு இழுத்தால் பேரேடு போயிற்று. அதனால் கடைசி நாள் மதியம் சத்துணவு முட்டையைக்கூட ஒரு கையில் வைத்துக்கொண்டு வசூலுக்கு அலைவார்கள்.

ஒரே ஒரு ஆண்டு இந்த வசூல் நடக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். பென்சில் கணக்கில் ஏறக்குறைய ஐந்தரைப் பென்சில் உயரம். அந்த மழை செய்ததைப் பற்றி இக்கட்டுரையின் குரலில் பேச வரவில்லை. பள்ளி திறந்தபோது கீழ்ப்பலகையில் கோடுகள் இல்லை, பல பைகளே இல்லை. ஒருத்தி மட்டும் எழுந்து, “டீச்சர், நான் அவளுக்கு ஒண்ணு தரணும், ஆனா எங்கிட்ட இல்ல” என்றாள். கொடுத்தவள், “எனக்கு நெனவில்லட்டி” என்றாள். அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

இனி, யார் கடன் கொடுக்கிறார்கள்? நான் முதலில் கொண்ட கருதுகோள், நிறைய வைத்திருப்பவர்கள் கொடுப்பார்கள் என்பது. தப்பு. புது டப்பாவில் ஆறு பென்சில் வைத்திருப்பவன் டப்பாவைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு துண்டுப் பென்சில் வைத்திருப்பவன்தான் ஒன்றை நீட்டுகிறான், அதிலும் நீளமானதை. குறைந்துதான் திரும்பும் என்று அவனுக்குத் தெரியும். கோடு கிழிப்பதே அதனால்தான். இதற்குப் பொருளியலில் ஏதாவது விளக்கம் இருக்கலாம். எனக்குப் பிடிபடவில்லை, பிடித்திருக்கிறது.

ஆய்வின் இறுதி நாள், பலகை கழுவுமுன் கோடுகளைப் பதிவேட்டில் படியெடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்குக் கீழே கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு. சாக்பீஸ் மங்கி, பலமுறை மேலே மேலே புதுப்பித்த தடம். அடியில் ‘டீச்சர்’ என்று எழுதியிருந்தது.

கட்டத்துக்குரியவன் பக்கத்தில் வந்து நின்றான். “ஆடி மாசம், டீச்சர். வெளயாடிட்டு இருந்தேன்னு புடுங்கி டிராயருக்குள்ள போட்டீங்க.”

மேசை டிராயரைத் திறந்தேன். பம்பரம், கோலிக்குண்டு, பாதி உடைந்த விசில், இவற்றுக்கு அடியில் கறுப்பும் சிவப்புமாகப் பட்டை போட்ட பென்சில் ஒன்று கிடந்தது. அவன் வாங்கிப் போய்க் கோட்டோடு ஒட்டிவைத்தான். குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை.

நிமிர்ந்து, “வட்டி, டீச்சர்?” என்றான்.