மாப்ளைக்குப் பதினொண்ணாம் நம்பர் கூண்டு

வா மாப்ள, ஒக்காரு. அந்தச் செல்போனைக் கொஞ்சம் கீழ வையி. அதுல இருக்கறதை நீ காட்டவே வேண்டாம். நம்ம ஊர்க்காரன் அத்தனை பேரும் காலையிலேர்ந்து எனக்கு அந்த வீடியோவைத்தான் அனுப்பிக்கிட்டிருக்கான். அமெரிக்காக்காரன் எங்கியோ பனிக்காட்டுல கம்பம் நட்டு வெச்சிருக்கான், சுவிட்சைப் போட்டா வங்கக்கடல்ல புயல் கெளம்புது, ஒக்கியும் அப்படித்தான் வந்துச்சு, கஜாவும் அப்படித்தான் வந்துச்சு, இப்ப நம்ம வயல்ல நிக்கிற தண்ணியும் அவன் தொறந்து விட்டதுதான். அதானே?

கேக்கறதுக்குச் சொகமாத்தான் இருக்கு. எனக்கு ஒரே ஒரு கொறை. அலாஸ்காவுலேர்ந்து குறிபாத்து அடிக்கிறவன், இவ்வளவு பெரிய ஒலகத்தை விட்டுட்டு, பட்டுக்கோட்டைப் பக்கம் உன் மாமன் தோப்பைத் தேடிப்புடிச்சு அடிச்சிருக்கானே, நான் அவனுக்கு என்னடா பாவம் பண்ணினேன்? நம்ம தபால்காரருக்கே என் தோப்புக்கு வழி தெரியாது.

நீ சொல்ற எடத்துக்கு ஹார்ப்னு பேரு. அலாஸ்காவுல ககோனாங்கிற ஊர்ல இருக்கு. பொய்யில்லை, கம்பம் நெசமாவே நிக்குது. 1993-ல கட்ட ஆரம்பிச்சாங்க. மொதல்ல பட்டாளத்துப் பணம். 2015-ல அலாஸ்கா பல்கலைக்கழகத்துக்கிட்ட ஒப்படைச்சுட்டாங்க. அங்கேர்ந்து ரேடியோ அலையை மேல அனுப்பி அயனி மண்டலத்தை ஆராயறாங்க. நம்ம மேகம், மழை, இடி, மின்னல் எல்லாம் தரையிலேர்ந்து பதினஞ்சு கிலோமீட்டர் சுமாருக்குள்ள அடங்கிரும். அயனி மண்டலம் அறுபது எழுபது கிலோமீட்டருக்கு மேலதான் தொடங்குது. கீழ்வீட்டு அடுப்பை ஊதறதுக்கு எவனாச்சும் மொட்டைமாடிக்கு ஏறுவானா?

அதோட முழுச் சக்தி 3.6 மெகாவாட். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காத்தாடி பாத்திருக்கேல்ல? இப்ப நடுறானே பெரிய காத்தாடி, அதுல ரெண்டு சுத்தினா அந்தக் கரண்டு வந்துரும். நல்லா முத்துன புயல் ஒண்ணு வெளியே விடுற வெப்பத்தை அமெரிக்க வானிலை ஆளுங்களே கணக்குப் போட்டிருக்காங்க. ஒலகத்துல உள்ள மின் நிலையம் அத்தனையும் சேந்து தர்றதைப்போல சுமார் 200 மடங்காம். ரெண்டு காத்தாடிக் கரண்டுல புயலைக் கெளப்ப முடியும்னா, முப்பந்தல்காரன் இந்நேரம் ஒலகத்தையே ஆண்டிருப்பான்டா.

சரி, அந்தக் கம்பம் வந்தது 93-க்கு அப்பறம். 1952-ல நாகப்பட்டினத்துல அடிச்சதே, அதுக்கு யாரு சுவிட்சு போட்டா? 55-ல இதோ நம்ம ராஜாமடத்துல ஏறுச்சே, அது யாரு? 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குப் போன ரயிலையே கடல் வாரிக்கிட்டுப் போச்சு. அதுல போனவங்க நூறு பேருக்கு மேல. அதை நெனச்சா எனக்கு நையாண்டி வாய்க்கு வராது, விடு.

இதுல ஒண்ணு பாரு. கர்ணனுக்குப் பின்னால கொடையில்ல, கார்த்திகைக்குப் பின்னால மழையில்லன்னு நம்ம பெருசுங்க சொல்லுவாங்க. தனுஷ்கோடி போனது மார்கழியில. 2011-ல தானே புயல் கடலூரைத் தொவைச்சது டிசம்பர் 30, அதுவும் மார்கழி. இந்தச் சொலவடையைக் கட்டினவனும் அந்தக் காலத்து மாப்ள ஒருத்தனாத்தான் இருப்பான். போன் இல்லாததால வாயால ஃபார்வேர்ட் பண்ணியிருக்கான்.

நம்மூர்ல காரணத்துக்குப் பஞ்சமா? கஜா அடிச்ச மறுவாரம் டீக்கடையில நின்னு கேட்டிருக்கணும் நீ. ஹைட்ரோகார்பன் எடுக்கறதுக்காக நம்மளை வெரட்ட ஏவிவிட்டதுன்னான் ஒருத்தன். சனிப்பெயர்ச்சின்னாரு குருக்கள். உங்கத்தை இருக்காளே, அவ இன்னிக்கு வரைக்கும் ஒரே முடிவுல இருக்கா: அய்யனாருக்குக் குதிரை எடுப்பு நின்னுபோனதுதான் காரணம். அவளோட அம்மா, நைட்டி போட்டுக்கிட்டுப் பொண்டுக தெருவுக்கு வந்ததுலேர்ந்துதான் காத்து மாறிருச்சுன்னு அடிச்சுச் சொல்லிச்சு. பஞ்சாங்கம் இன்னும் ஒசத்தி. வருசத்துக்கு இத்தனை மரக்கால் மழை, அதுல கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, பூமிக்கு இத்தனைன்னு பங்குபிரிச்சே குடுத்துரும். அண்ணந்தம்பி சொத்துத் தகராறுகூட அவ்வளவு சுத்தமாத் தீராது. ஐப்பசி கார்த்திகையில புயல் சின்னம் உருவாகும்னு வேற போட்டிருக்கும். ஐப்பசி கார்த்திகையில புயல் வரும்னு சொல்றதுக்குப் பஞ்சாங்கம் எதுக்குடா, நாள்காட்டி போதாதா?

இதுக்கு நடுவுல வர்தாவுக்கு வந்த காரணம்தான் எனக்குப் புடிச்சது. 2016-ல மெட்ராசைப் பொரட்டிப் போட்டுச்சே, அதுக்குப் பேர் வெச்சது பாகிஸ்தான், அதனால அனுப்பினதும் பாகிஸ்தான்தான்னு ஒரு பய சொன்னான். அப்படிப் பாத்தா கஜாவுக்குப் பேர் குடுத்தது இலங்கை, ஒக்கிக்கு வங்கதேசம், நிவருக்கு ஈரான், பெங்கலுக்குச் சவுதி. இந்தக் கடலைச் சுத்தி இருக்கற நாடெல்லாம் முன்கூட்டியே பேர் எழுதிக் குடுத்துருவாங்க, வர்ற புயலுக்கு வரிசைப்படி அதை வெப்பாங்க, அவ்வளவுதான் சங்கதி. 2020-ல போட்ட பட்டியல்ல 13 நாடு, 169 பேரு. இந்தியா குடுத்ததுல நம்ம ‘முரசு’ம் ஒண்ணு. அந்த முரசு எப்பவாச்சும் ஓமன் கரையில போய் அறைஞ்சா, தமிழன்தான் ஏவிவிட்டான்னு அங்க ஒரு மாப்ள செல்போனைத் தூக்கிக்கிட்டு அவன் மாமன் வீட்டுக்கு ஓடுவான்.

மூஞ்சைத் தொங்கப் போடாதே. அமெரிக்காக்காரன் யோக்கியன்னு நான் எங்க சொன்னேன்? அவனும் புயல்ல கை வெச்சுப் பாத்தவன்தான். அந்தக் கதை உன் வீடியோவுல இருக்காது, நான் சொல்றேன் கேளு.

1947 அக்டோபர் 13. அமெரிக்காவுக்குக் கெழக்கே அட்லாண்டிக் கடல்ல ஒரு புயல், கரையை விட்டு வெலகிக் கடலோட போய்க்கிட்டிருந்துச்சு. இர்விங் லாங்முயிர்னு ஒரு பெரிய மனுசன், நோபல் பரிசு வாங்கின ரசாயன விஞ்ஞானி, ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி ஆளு. அவரு யோசனைப்படி பட்டாளத்து விமானம் போய் அந்தப் புயல் மேகத்துல சுமார் எண்பது கிலோ உலர் பனிக்கட்டியைக் கொட்டுச்சு. புராஜெக்ட் சிரஸ்னு திட்டத்துக்குப் பேரு. அத்தாம்பெரிய புயலுக்கு எண்பது கிலோ! மதம் புடிச்ச கோயில் யானை மேல பன்னீர் தெளிச்ச கதைதான். ஆனா பாரு மாப்ள, தெளிச்ச கையோட யானை திரும்பிருச்சு. கடலோட போன புயல் மேற்கால மடங்கி, ஜார்ஜியா மாநிலத்துச் சவானா ஊர்ல போய் ஏறுச்சு. சனங்க சும்மா விடுவாங்களா? வழக்குப் போடுவோம், அது இதுன்னு ஒரே ரகளை.

அப்பறம் நிதானமாக் கணக்கைப் பாத்தா, பனிக்கட்டி விழறதுக்கு முன்னாலயே அது திரும்ப ஆரம்பிச்சிருக்கு. 1906-ல வந்த ஒரு புயலும் கிட்டத்தட்ட இதே மாதிரி மடங்கியிருக்கு, அப்ப யாரும் எதையும் கொட்டல. ஆனா லாங்முயிர் ஒத்துக்கிட்டாரா? திருப்பினது நான்தான்னு கடைசி வரைக்கும் நின்னாரு. நோபல் வாங்கின மனுசனுக்கே அந்த ஆசை விடலன்னா, பாலிடெக்னிக் படிச்ச உன்னை நான் என்னத்தைக் குத்தம் சொல்றது?

அதோட விட்டாங்களா? 1962-லேர்ந்து 1983 வரைக்கும் ஸ்டார்ம்ஃபியூரின்னு இன்னொரு திட்டம். இந்தத் தடவை வெள்ளி அயோடைடு. இருபத்தோரு வருசத்துல நாலே புயலைத்தான் தொட முடிஞ்சுது. வேகம் கொறைஞ்ச மாதிரி தெரிஞ்சதும் குதிச்சாங்க. பாத்தா, கையே வெக்காத புயலும் அப்பப்ப தானாவே அதேபோலக் கொறையுது, கூடுது. கடையை மூடிட்டாங்க. வியட்நாம் சண்டையில இன்னொண்ணு பண்ணினாங்க: 1967-லேர்ந்து 72 வரைக்கும், எதிராளி சாமான் கொண்டுபோற காட்டுப்பாதை சேறாகட்டும்னு மேகத்துல வெள்ளி அயோடைடு தூவுனாங்க. அது வெளியே தெரிஞ்சு நாறி, வானிலையை ஆயுதமாக்கக் கூடாதுன்னு 1977-ல நாடுகள் ஒப்பந்தம் போட வேண்டியதாப் போச்சு. அதனால உன் பேச்சுல எள்ளளவு உண்மை இருக்கு. மழை பெய்யத் தயாரா நிக்கிற மேகத்தைக் கொஞ்சம் தூண்டிப் பாக்கலாம். மேகமே இல்லாத எடத்துல புயலை உண்டாக்க இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது.

கூத்து என்னன்னா, இன்னிக்கு அமெரிக்காக்காரனும் உன்னைப்போலத்தான் பொலம்பறான். 2024-ல ஹெலீன், மில்டன்னு ரெண்டு புயல் பத்துப் பதினஞ்சு நாள் எடைவெளியில வந்து அவங்களைக் கவுத்துப் போட்டுச்சு. உடனே அப்ப அவங்க நாடாளுமன்ற உறுப்பினரா இருந்த ஒரு அம்மா, மார்ஜோரி டெய்லர் கிரீன், வானிலையை ‘அவங்க’ கட்டுப்படுத்தறாங்கன்னு எழுதிட்டாங்க. அந்தம்மா எந்த மாநிலம்ங்கறே? அதே ஜார்ஜியா. புயல் வருது, ஒதுங்கிக்கன்னு சொன்ன வானிலை ஆளுங்களுக்குக் கொலை மெரட்டல் வேற.

புயல் நெசமா எப்படிப் பொறக்குதுன்னு கேட்டா உனக்கு ருசிக்காது, ஏன்னா அதுல வில்லன் இல்ல. கடல் தண்ணி இருபத்தாறரை, இருபத்தேழு டிகிரிக்கு மேல சூடாகணும். மேல்மட்டம் மட்டும் இல்ல, ஆழத்துக்கும் அந்தச் சூடு எறங்கியிருக்கணும். அங்கேர்ந்து ஈரக்காத்து மேல ஏறும், ஏறி மேகமாகும், மேகமாகும்போது உள்ள இருக்கற வெப்பத்தை விடும், அந்த வெப்பம் இன்னும் காத்தை மேல இழுக்கும், கீழ பள்ளமாகும், சுத்துப்பட்டுக் காத்தெல்லாம் அந்தப் பள்ளத்துக்கு ஓடிவரும். பூமி சுத்துறதால நேரா வர முடியாம வளைஞ்சு சுழலும். அதனாலதான் பூமியோட நடுக்கோட்டை ஒட்டி அஞ்சு டிகிரிக்குள்ள புயல் பொறக்கறது ரொம்ப அபூர்வம். மேல்காத்து ஒரு தெசை, கீழ்காத்து ஒரு தெசைன்னு பலமா இழுத்தா கூடு கட்டறதுக்குள்ள கலைஞ்சிரும். இத்தனையும் அதிகமாக் கூடிவர்ற மாசம் நம்ம வங்கக்கடலுக்கு ஐப்பசி, கார்த்திகை, கொஞ்சம் மார்கழி. இது மாமன் கண்டுபுடிச்சதில்ல, வானிலைக்காரங்க தலைப்பாடாச் சொல்றது.

ஆனா மனுசன் வேலைன்னு சொன்னியே, அதுல நீ பாதி ஜெயிச்சுட்டே. நெசமாத்தான்டா சொல்றேன். நிலக்கரியும் பெட்ரோலும் எரிச்சு எரிச்சுக் கடலைச் சூடாக்கிட்டோம். வங்கக்கடல்ல புயல் எண்ணிக்கை ஒண்ணும் கூடல, கூடியிருக்கறது அரபிக்கடல்ல. ஆனா வர்ற புயல் சீக்கிரமா முறுக்கேறுது, மழையைக் கொட்டித் தள்ளுது. காத்து ஒரு டிகிரி சூடு கூடினா நூத்துக்கு ஏழு பங்கு ஈரத்தைக் கூடுதலாச் சுமக்கும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அதுக்குப் புயல்ங்கிற பேர்கூடக் கெடையாது. மறுவருசம் பெங்கல் புதுச்சேரிகிட்ட கரையேறிட்டு, கடலே பாக்காத ஊத்தங்கரையில போய் 50 சென்டிமீட்டரை எறக்கிட்டுப் போச்சு. ஆக, ஆள் தேடுனேல்ல, ஆள் கெடைச்சாச்சு. ரெண்டு தெரு தள்ளியிருக்கற டீக்கடைக்குக்கூடப் புல்லட்டுல போறான் பாரு, அவன் ஒரு ஆளு. டீசல் எஞ்சினை நிறுத்த மறந்துட்டுத் தூங்குனான் பாரு உன் மாமன், அவன் இன்னொரு ஆளு. நம்மளைவிடப் பல மடங்கு பொகைவிட்ட பெரிய நாட்டுக்காரன் முன்வரிசையில நிக்கிறான். ஆனா இவங்க படமெல்லாம் வீடியோவுல வராது.

தொறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துவாங்களே, பத்து வரைக்கும் அபாயம் ஏறிக்கிட்டே போகும். அதுக்கு மேல பதினொண்ணுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா? வானிலை மையத்தோட தகவல் தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம். உனக்கு அந்தக் கூண்டை நான் எப்பவோ ஏத்திட்டேன். 2018 நவம்பர்ல கஜா வருதுன்னு அவங்க பல நாள் முன்னாலயே படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நீ என்ன சொன்னே? ‘இவனுங்க சொன்னா வெயிலடிக்கும் மாமா.’ 16-ம் தேதி விடியறதுக்கு முன்னால வேதாரண்யம் பக்கம் ஏறி, விடிஞ்சப்ப டெல்டாவுல லட்சக்கணக்குல தென்னை படுத்துக் கெடந்துச்சு. இப்ப வயல்ல தண்ணி நிக்குதுங்கறே. வடிவாய்க்காலை அடைச்சுக்கிட்டு உங்கப்பன், என் அருமை மச்சான், மாட்டுக்கொட்டாய் போட்டிருக்காரே, அது எந்த நாட்டுச் சதி? மிச்ச எடத்துல ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கே, அதுக்கு எந்தச் சுவிட்சு?

எந்திரிச்சுப் போறதுக்கு முன்னால காதுல வாங்கிக்க. முத்துன காயை எறக்கு. அடிமட்டையைக் கழிச்சு விடு, தலைப்பாரம் கொறையட்டும். காத்து வருதுன்னு சொல்லிட்டா தோப்புக்குத் தண்ணி பாய்ச்சாதே. கஜாவுல சாஞ்ச மரத்துக்கு அரசாங்கம் 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500-ம் குடுத்துச்சு. தென்னை வளர்ச்சி வாரியத்துக் காப்பீட்டுல பதினாறும் அதுக்கு மேலயும் வயசான மரத்துக்கு அப்ப 1,750 ரூபா காப்பு. நம்ம பங்கா மரத்துக்குக் கட்ட வேண்டியிருந்தது மூணரை ரூபா. இப்ப என்ன கணக்குன்னு நாளைக்குக் காலையில அக்ரி ஆபீஸ் போய்க் கேட்டுட்டு வா. எனக்கும் சேத்துக் கேளு.