அன்னாசிக்கு வாடகை எவ்வளவு?

தயிர் சாதத்துக்கு மிக்சர், பூரிக்குச் சர்க்கரை, டீயில் ஊறவைத்த முறுக்கு. இதையெல்லாம் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே தள்ளுகிறவர்கள்கூட, பீட்சாவில் அன்னாசி என்றால் மட்டும் எழுந்து நின்று கண்டனத் தீர்மானம் வாசிப்பார்கள். அந்தப் பழத்தின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், கோபத்துக்கும் நாக்குக்கும் சம்பந்தமே இல்லை, பர்ஸுக்குத்தான் சம்பந்தம் என்பது தெரிந்துவிடும்.

வருஷம் 1493. கொலம்பஸ் இரண்டாவது தடவையாகக் கப்பலேறி குவாதலூப் தீவில் வந்து இறங்குகிறார். இந்தியாவுக்கு வழி கண்டுபிடித்தாயிற்று என்று ஸ்பெயின் முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. தேடிப் போன மிளகுதான் கண்ணில் படவே இல்லை. வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்று இருந்தவருக்கு, தலையில் கொண்டையும் உடம்பெல்லாம் செதிலுமாக ஒரு பழம் கிடைத்தது. தீவுக்காரர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தின்றுகொண்டிருந்தார்கள். ஆனாலும் 'கண்டுபிடித்தவர்' கொலம்பஸ்தான். அந்தக் காலத்தில் கண்டுபிடிப்புக்கு இருந்த ஒரே தகுதி, கப்பலில் வந்து இறங்குவது.

பிறகு ஸ்பெயினுக்கு அனுப்பிய ஒரு சரக்கில் எல்லாம் நடுக்கடலிலேயே அழுகிப்போக, ஒன்றே ஒன்று உருப்படியாக அரசர் ஃபெர்டினாண்டின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. பழங்களிலேயே இதுதான் உசத்தி என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டுக்கு வழியில்லை, சாட்சிப் பழம் ராஜா வயிற்றில் இருந்தது. அரண்மனையில் வரலாறு எழுதிக்கொண்டிருந்த பீட்டர் மார்ட்டிர், வந்தது ஒன்றே ஒன்று என்பதால் தனக்குக் கிடைக்கவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோன ஆதங்கம் மாதிரி, ஐந்நூறு வருஷமாக அது அச்சில் நிற்கிறது.

ஃபெர்டினாண்டின் பேரன் ஐந்தாம் சார்லஸ் தாத்தாவுக்கு நேர் எதிர். பாதி ஐரோப்பாவைக் கட்டி ஆண்டவர், அன்னாசியை மோந்து பார்த்தார், வாசனை பிரமாதம் என்றார், வாயில் வைக்க மாட்டேன் என்று ஒதுக்கிவிட்டார். பீட்சாவில் அன்னாசி கூடாது என்கிற கட்சிக்காரர்கள் தங்கள் ஸ்தாபகர் படத்தை மாட்ட விரும்பினால் இவரை மாட்டலாம்.

நம் பக்கத்துக்கு அன்னாசியைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். முகலாய அரசர் ஜஹாங்கீர், ஆக்ராவில் உள்ள தன் குல் அஃப்ஷான் தோட்டத்தில் வருஷாவருஷம் ஆயிரக்கணக்கில் அன்னாசி விளைவதாகத் தன் வரலாற்றில் பெருமையடித்திருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை சாராயம் உள்ளே போனது என்பதையே கூச்சமில்லாமல் எழுதிவைத்த மனிதர். பழக் கணக்கில் பொய் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

ஆக்ராவில் ஆயிரக்கணக்கில் குவிந்தது, இங்கிலாந்திலோ ஒன்றிரண்டுக்கே உயிரை விட்டார்கள். 1668-ல் இரண்டாம் சார்லஸ் பிரெஞ்சுத் தூதருக்கு ஒரு விருந்து வைத்தார். பார்படோஸிலிருந்து வந்த அன்னாசி மேஜையில் இருந்தது. பக்கத்தில் நின்ற டைரி எழுத்தாளர் ஜான் ஈவ்லினுக்கு மன்னர் தன் தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். அது வரை இந்தப் பழத்தைப் பற்றிப் பிரயாணிகள் எழுதிய வர்ணனைகளையெல்லாம் படித்து எச்சில் ஊறிப்போயிருந்தவர் ஈவ்லின். வாயில் போட்டார். எதிர்பார்த்த அளவுக்கு இல்லை! ராஜா கையால் கொடுத்ததை ராஜா முகத்துக்கு நேரே குறை சொன்னால் கழுத்துக்கு யார் ஜவாப்தாரி? வீட்டுக்குப் போய் டைரியில் எழுதினார். அங்கேயும் பழத்தைத் திட்ட மனசு வரவில்லை, நெடும்பயணத்தில் ருசி கெட்டிருக்கும் என்று பழியைத் தூக்கிக் கடல் மேல் போட்டுவிட்டார். காசு அதிகம் கொடுத்து வாங்கிய எதையும் நாம் நேரடியாகத் திட்டுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

அதற்குப் பிறகு பணக்காரர்களுக்குப் பித்துப் பிடித்தது. வெயிலே எட்டிப் பார்க்காத ஊரில் வெப்பமண்டலப் பழம் விளைவிக்க வேண்டும். தோல் பதனிடுகிறவர்களிடமிருந்து பழைய மரப்பட்டையை வண்டி வண்டியாக வாங்கிக் குழியில் கொட்டினார்கள். அது புளித்துச் சூடு கிளம்பும். அந்தச் சூட்டுக்குள் அன்னாசித் தொட்டிகளைப் புதைத்து, மேலே கண்ணாடிக் கூரை போட்டு, அடுப்பும் மூட்டி, பச்சைக் குழந்தையைப் போல இரண்டு மூன்று வருஷம் பார்த்துக்கொண்டால் ஒரு பழம் வரும். அவ்வளவு செலவழித்து வந்ததை வெட்டித் தின்பதா? நடுமேஜையில் வைத்து ஊருக்குக் காட்டினார்கள். சொந்தமாக வாங்க வக்கில்லாதவர்களுக்காக ஒரு நாள் வாடகைக்கும் விட்டார்கள். ஒரே பழம் இன்று இவர் வீட்டு விருந்து, நாளை அவர் வீட்டு விருந்து என்று அழுகும் வரை ஊர்வலம் போனது. விருந்தாளிகள் பார்க்கலாம், மோந்துகொள்ளலாம். கத்தி வைத்தால் முன்பணம் போயிற்று.

பிரிட்டன் ஆண்ட வர்ஜீனியாவின் கடைசி ஆளுநரான டன்மோர் பிரபு இன்னும் ஒரு படி மேலே போனார். ஸ்காட்லாந்தில் தன் தோட்டத்துக் கட்டடத்தின் உச்சியில் பிரம்மாண்டமான கல் அன்னாசி ஒன்றையே நிறுத்திவிட்டார். இலைக்கு இலை, கண்ணுக்குக் கண் தத்ரூபம். விடுமுறைக்குத் தங்க வருகிறவர்களுக்கு இன்றைக்கும் அந்தக் கட்டடம் வாடகைக்குக் கிடைக்கிறது. அன்னாசியின் தலையெழுத்தே வாடகைதான் போலிருக்கிறது.

இந்த மரியாதையெல்லாம் தகர டப்பா வந்ததும் போயிற்று. 1893-ல் ஹவாய் ராணி லிலியுகலானியைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு சான்ஃபோர்ட் டோல் ஆட்சியில் உட்கார்ந்தார். அவருடைய பங்காளி ஜேம்ஸ் டோல் 1901-ல் அங்கேயே அன்னாசிக் கம்பெனி தொடங்கினார். ஒரு டோல் ராஜ்யத்தை விழுங்கினார், இன்னொரு டோல் மிச்ச நிலத்தில் பழம் போட்டார். கம்பெனிக்காக ஹென்றி ஜினாக்கா செய்து கொடுத்த இயந்திரம் தோலைச் சீவி, நடுத்தண்டைக் குடைந்து மளமளவென்று தள்ளியது. மன்னர் தட்டில் இருந்தது மளிகைக் கடை அலமாரிக்கு வந்தது.

அந்த அலமாரியிலிருந்துதான் 1962-ல் சாம் பானோபுலோஸ் ஒரு டப்பாவை எடுத்தார். பிறந்தது கிரேக்கம், கடை போட்டது கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள சாத்தம் என்ற ஊரில். சைனீஸ் சாப்பாட்டின் இனிப்பும் புளிப்பும் ஏற்கெனவே அவர் கடையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தைரியத்தில் பீட்சா மேல் பன்றி இறைச்சியோடு அன்னாசித் துண்டுகளைத் தூவினார். டப்பாவின் பெயரைப் பார்த்து 'ஹவாயன்' என்று நாமகரணம். ஆக, இத்தாலியப் பண்டம், தென் அமெரிக்கப் பழம், கிரேக்கக் கை, கனடா கடை, ஹவாய் பெயர். ஹவாய்க்கும் இதற்கும் இருந்த ஒரே உறவு டப்பா லேபிள்.

அன்னாசியை எதோடாவது சேர்த்துத் தின்பதில் பெரிய மனிதர்களும் சுத்தம் கிடையாது. 1974 ஆகஸ்ட் 8, அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் பதவி விலகப் போவதாக டி.வி.யில் சொன்ன நாள். அன்று வெள்ளை மாளிகையில் அவருக்கு வந்த தட்டில் அன்னாசி வளையங்களுக்கு நடுவே ஒரு குவியல் காட்டேஜ் சீஸ், பக்கத்தில் ஒரு டம்ளர் பால். புகைப்படம் இருக்கிறது. அவர் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழலை மறைக்கப் பட்ட பாட்டில் கால்வாசியாவது அந்தத் தட்டை மறைக்கப் பட்டிருக்கலாம்.

2017-ல் ஐஸ்லாந்து ஜனாதிபதி க்வுட்னி யோஹானஸன், பள்ளி மாணவர்களிடம், தனக்கு அதிகாரம் இருந்தால் பீட்சாவில் அன்னாசியைத் தடை செய்வேன் என்று சொல்லிவைத்தார். உலகமே கொதித்தது. கனடா பிரதமர் ட்ரூடோ பழத்தின் பக்கம் நின்றார். கடைசியில் ஐஸ்லாந்துக்காரர், அப்படிச் சட்டம் போட எனக்கு அதிகாரம் இல்லை, இல்லாததும் நல்லதுதான் என்று அறிக்கை விட்டார். கையோடு, பீட்சாவுக்கு மீன் நல்லது என்று சிபாரிசும் செய்தார். அவர் நாட்டு மீன் வியாபாரத்தை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

இதெல்லாம் நடக்கும்போது தமிழ்நாட்டுக் கல்யாண சமையல்காரர் யாரிடமும் அனுமதி கேட்காமல் அன்னாசியை ரசத்தில் போட்டுவிட்டார். பருப்புத் தண்ணீர், தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு, கடைசியில் பொடியாய் நறுக்கிய பழம். "ரசத்துல யாராவது பழம் போடுவாளா?" என்று பெரியவர் ஒருவர் முகத்தைச் சுளிப்பார். அடுத்த நிமிஷமே இலை மேல் உள்ளங்கையைக் குவித்து, "கொஞ்சம் ஊத்துப்பா" என்பார். உறிஞ்சுகிற சத்தம் மூன்று இலை தள்ளிக் கேட்கும். தள்ளுவண்டியில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிற கீற்றுக்கும் இதே கதை. அந்த மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து அதே போர்த்துக்கீசியக் கப்பல்களில் வந்ததுதான். ஊர்க்காரர்கள் இருவர் இங்கே வந்து சந்தித்துக்கொண்டதை நாம் விபரீதக் கலவை என்கிறோம்.

விலை உச்சத்தில் இருந்தவரை அன்னாசியைக் குறை சொல்ல ஆள் இல்லை, கூரையில் ஏற்றிக்கூட வைத்தார்கள். டப்பாவில் அடைத்து மலிவாக்கிய பிறகுதான் எதோடு சேரும், எதோடு சேராது என்று எல்லோருக்கும் நாக்கு நுணுக்கம் வந்தது. எனவே தயிர் சாதத்தில் மிக்சர் போடுவதைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் வாதாட வேண்டாம். நட்சத்திர ஹோட்டலில் இது ஒரு பிளேட் ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று சொல்லிப் பாருங்கள். ஸ்பூன் கேட்பார்.