இன்ஜினுக்கு மூளை வைத்த கதை

பொம்மை ரயில் விளையாட்டைக் கெடுத்தது இரண்டாவது இன்ஜின்தான். ஒன்று மட்டும் இருந்தவரை எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு தண்டவாளம், 12 வோல்ட், மேசை ஓரத்தில் ஒரு திருகு. இந்தப் பக்கம் திருகினால் ரயில் முன்னே போகும், அந்தப் பக்கம் திருகினால் பின்னே வரும். இங்கிலாந்து அப்பாக்கள் பிள்ளைக்கென்று கிறிஸ்துமஸுக்கு வாங்கி, பண்டிகை முடிந்த மறுநாளிலிருந்து பிள்ளையைக் கிட்டே சேர்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒரு குறையும் இல்லை, பிள்ளையைத் தவிர.

பிறகு ஆசை யாரை விட்டது? இரண்டாவது இன்ஜின் வந்தது. அப்போதுதான் தெரிந்தது, திருகு ஆள்வது தண்டவாளத்தை, இன்ஜினை அல்ல என்று. ஒன்றைக் கிளப்பினால் இரண்டும் கிளம்பின. ஒன்றை நிறுத்தினால் இரண்டும் நின்றன. எதிரும் புதிருமாக முகம் பார்க்க வைத்தாலும் இரண்டும் ஒரே திசையில்தான் போகும், ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலுமாக. மோதவிட்டுப் பார்க்கலாம் என்ற அற்ப சந்தோஷம்கூடக் கிடையாது.

இதற்குக் கண்ட வைத்தியம், தண்டவாளத்தைத் துண்டு துண்டாக அறுப்பது. துண்டுக்கு ஒரு சுவிட்ச், சுவிட்சுக்கு இரண்டு ஒயர். ரயில் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகும்போதெல்லாம் முதலாளி ஓடிப்போய்ச் சுவிட்சைத் தட்ட வேண்டும். ரயிலைவிட அவர்தான் அதிகம் ஓடினார். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் 1946-ல் ஒரு ரயில் கிளப் தொடங்கி, பழைய டெலிபோன் ரிலேக்களை மேசைக்கு அடியில் அடுக்கி இந்தச் சுவிட்ச் வேலையை அவற்றின் தலையில் கட்டினார்கள். அடியில் ஒயர் பின்னிக்கொண்டிருந்த அந்தப் பையன்களில் சிலர்தான் பிற்பாடு கம்ப்யூட்டர் பக்கம் போய் உலகத்தின் முதல் ஹேக்கர்கள் என்று பெயர் வாங்கினார்கள். மேலே ரயில் ஓடிக்கொண்டிருந்ததை அவர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்தார்களோ!

அதே 1946-ல் லயனல் என்ற பொம்மை ரயில் கம்பெனிக்கு வேறொரு யோசனை. தண்டவாளம் வழியாக ரேடியோ அலையை அனுப்பி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு ரிசீவர் வைத்துவிட்டால்? கலர் கலராகப் பட்டன் வைத்து விற்றார்கள். ஒரு பட்டனுக்கு இன்ஜின் ஊதும், இன்னொரு பட்டனுக்கு ஒரு பெட்டி கழன்றுகொள்ளும். யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தக் காசுக்கு வீட்டில் வேறு அவசரங்கள் இருந்தன. நாலைந்து வருஷத்துக்குள் அந்த விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள். 1960-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் வந்தது. பல்பும் ஜெட் இன்ஜினும் செய்யும் கம்பெனிக்குப் பொம்மை இன்ஜின் எம்மாத்திரம்? ‘ஆஸ்ட்ராக்’ என்று பெயர் சூட்டி, ஐந்து ரயிலைத் தனித்தனியாக ஓட்டலாம் என்றார்கள். அதுவும் போய்ச் சேர்ந்தது.

1979-ல் இங்கிலாந்தின் மார்கேட் ஊர் ஹார்ன்பி கம்பெனி ‘ஜீரோ 1’ என்ற பெட்டியோடு கிளம்பியது. கால்குலேட்டர் பட்டன்கள், உள்ளே நிஜமான மைக்ரோபிராசஸர், 16 இன்ஜின்களைத் தனித்தனியாக அழைக்கும் வல்லமை. பெட்டியைப் பார்த்து நாட்டில் பாதிப் பேருக்கு வாய் பிளந்தது. இன்ஜினுக்குள் வைக்க வேண்டிய மாட்யூலைப் பார்த்ததும் பிளந்த வாய் மூடிக்கொண்டது. பெரிய டீசல் இன்ஜின் வயிற்றில் அது எப்படியோ அடங்கியது. சின்ன நீராவி இன்ஜின்காரர்கள் இன்ஜினை ஒரு கையிலும் மாட்யூலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, எதை எதற்குள் நுழைப்பது என்று யோசித்தார்கள். மனிதகுலம் அன்று ஆரம்பித்த யோசனை இன்றுவரை முடியவில்லை.

இப்போதைய ஏற்பாட்டுக்கு மூலபுருஷர் ஜெர்மனியில் கீஸன் ஊர்க்காரர் பெர்ன்ட் லென்ஸ். அவருடைய முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களின் முற்பகுதியில் எடுத்து, யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்று பொது விதியாக்கியது. டி.சி.சி. என்று மூன்றெழுத்தில் அதற்குப் பெயர். விஷயம் உண்மையிலேயே அழகானது. தண்டவாளத்தில் எந்நேரமும் முழு மின்சாரம் இருக்கும். அதன் துருவம் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு அரை அலை 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது ‘ஒன்று’. 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீடித்தால் ‘சைபர்’. இந்த ஒன்றுகளையும் சைபர்களையும் கோத்து, “ஏழாம் நம்பர் இன்ஜினே, மெதுவாக முன்னே போ” என்று கட்டளை போகும். எல்லா இன்ஜினுக்கும் அது காதில் விழும், ஏழாம் நம்பர் மட்டும் கீழ்ப்படியும். கேட்டுப் புரிந்துகொள்ள இன்ஜினுக்குள் ஒரு மூளை வேண்டுமே, அதுதான் டீகோடர்.

விளம்பரத்தில் இரண்டே வரி: இனிமேல் துண்டு போட வேண்டாம், மேசைக்கு அடியில் இரண்டே ஒயர் போதும். அதில் பொய் ஒன்றுமில்லை. மேசைக்கு அடியில் இரண்டே ஒயர்தான். மிச்ச ஒயரெல்லாம் இன்ஜின் வயிற்றுக்குள் குடிவந்துவிட்டது.

எண்ணிப் பாருங்கள். தண்டவாள மின்சாரத்துக்குச் சிவப்பும் கறுப்பும், மோட்டாருக்கு ஆரஞ்சும் சாம்பலும், முன்விளக்குக்கு வெள்ளை, பின்விளக்குக்கு மஞ்சள், விளக்குகளுக்குப் பொதுவாக நீலம், உபரி வேலைக்குப் பச்சையும் ஊதாவும். ஒன்பது. ஒவ்வொன்றும் தலைமுடிக்குக் கொஞ்சம் மேல். ஐம்பது வயதுக்கு மேல் வந்த பொழுதுபோக்கு இது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கையில் சால்டரிங் அயர்ன், ஒரு கையில் ஈயம், மூக்கில் வெள்ளெழுத்துக் கண்ணாடி. ஒயரைப் பிடிக்க மூன்றாவது கை எங்கே? கூப்பிட்டால் வருகிற ஆட்களெல்லாம் அந்த நேரம் பார்த்து வெளியே போயிருப்பார்கள்.

புது இன்ஜினிலேயே இந்தப் பாடு. அதே மார்கேட்டில் செய்த 1950-களின் ட்ரையாங் இன்ஜின் கையில் இருந்தால் இன்னும் விசேஷம். அதைச் செய்தவர்கள் சிக்கனக்காரர்கள். ஒரு ஒயருக்கு ஆகும் செப்பு எதற்கு வீண் என்று இன்ஜினின் உலோக உடம்பையே ஒரு ஒயராக்கிவிட்டார்கள். ஒரு பக்கத்துச் சக்கரத்தில் ஏறிய மின்சாரம் அச்சு வழியாக, சட்டம் வழியாக, நேரே மோட்டாரின் ஒரு கார்பன் பிரஷ்ஷுக்குப் போய்விடும். இரண்டு பிரஷ்ஷையும் அழுத்திப் பிடிக்கும் ஸ்ப்ரிங் ஒன்றே ஒன்று. அதன் ஒரு காலுக்கு மட்டும் மின்சாரம் கடத்தாத சின்ன உறை போட்டிருப்பார்கள். இன்னொரு கால் வெறுங்கால். அந்தக் காலத்துக்கு அது கெட்டிக்காரத்தனம். அரை நூற்றாண்டு கழித்து ஒருவர் அதற்குள் மூளை வைக்கப் போகிறார் என்று மார்கேட்டில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் கனவா கண்டார்?

டீகோடரின் தலையாய விதி ஒன்று உண்டு: மோட்டாரின் எந்தக் காலும் தண்டவாளத்தைத் தொடக்கூடாது. தொட்டால் மின்சாரம் டீகோடரின் புறவாசல் வழியாக உள்ளே நுழையும். ஒரு கீற்று நீலப் புகை, கருகிய பிளாஸ்டிக் வாடை, அவ்வளவுதான். மூளையின் ஆயுள் முடிந்தது. நீராவி இன்ஜினிலிருந்து நிஜமாகவே புகை வந்த ஒரே தருணம் அது என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு, அவர்களுக்கு அடுத்த தடவை டீ கிடைக்காது. ஆக, வெறுங்காலுக்கும் ஒரு உறை மாட்டி, இரண்டு பிரஷ்ஷுக்கும் தனித்தனி ஒயர் பற்றவைத்தால்தான் காரியம் நடக்கும்.

இன்னொரு ஜாதி இன்ஜின் உண்டு. அதில் சட்டமே நெடுக்காக இரண்டு பாதி, இடப்பாதி ஒரு துருவம், வலப்பாதி மறு துருவம், நடுவே நாசூக்காக மோட்டார். எதைத் தொட்டாலும் மின்சாரம். அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் பலர் மறுபடி மூடி, அலமாரியில் அலங்காரத்துக்கு வைத்துவிட்டார்கள். இதற்கெல்லாம் மேல், டி.வி.யில் கோடு விழக்கூடாதென்று அந்தக் காலத்தில் மோட்டாருக்குக் குறுக்கே ஒரு கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். அந்த டி.வி. எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. கெப்பாசிட்டர் மட்டும் விசுவாசமாக உள்ளே உட்கார்ந்து டீகோடரின் வேலையைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

மின்சாரத்தைச் சமாளித்தாலும் இடம்? சின்ன இன்ஜினின் பாய்லருக்குள் ஏற்கெனவே ஒரு குடித்தனக்காரர் இருக்கிறார், ஈயக்கட்டி. சக்கரம் வழுக்காமல் இருக்க வைத்த கனம் அது. அதை அறுத்தால் டீகோடருக்கு இடம் கிடைக்கும். கிடைத்ததும், கனம் குறைந்த இன்ஜின் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். மூளை இருக்கும்போது இழுவை இல்லை, இழுவை இருந்தபோது மூளை இல்லை. ஒரு வழியாக எல்லாவற்றையும் திணித்தபின், ஊருக்குக் கிளம்புகிறவர் சூட்கேஸ் மேல் உட்கார்ந்து பூட்டுகிற மாதிரி மேல்மூடியை அழுத்த வேண்டும். நசுங்குகிற ஒயர் ஒன்று கட்டாயம் உண்டு. அது எது என்பது மின்சாரம் கொடுத்த பிறகுதான் தெரியும்.

கம்பெனிகள் சும்மா இருந்தனவா என்றால் இல்லை. ஒயர் பற்றவைக்க வேண்டாம், சாக்கெட்டில் செருகினால் போதும் என்று வழி கண்டார்கள். எட்டுக் கால் சாக்கெட் வந்தது. தலைகீழாகச் செருகினாலும் பெரும்பாலும் ஒன்றும் வெடிக்காது, விளக்கு மட்டும் எரியாது என்று நம்முடைய தகுதியறிந்து செய்திருந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆறு கால், இருபத்தொரு கால், பதினெட்டுக் கால் என்று வரிசையாக இறக்கினார்கள். வீட்டில் இருக்கும் டீகோடருக்கும் வாங்கிய இன்ஜினுக்கும் கால் பொருந்திவிட்டால் அன்று ராசியான நாள். பெட்டியின்மேல் ‘டி.சி.சி. ரெடி’ என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கும். திறந்தால் உள்ளே காலி சாக்கெட். ரெடியாக இருக்க வேண்டியது நம் பர்ஸ்.

எல்லாம் முடிந்து நம்பர் வைக்கும் வைபவம். தொழிற்சாலையிலிருந்து வரும் ஒவ்வொரு டீகோடருக்கும் நம்பர் 3. மாற்ற மறந்து புதிதாக ஆறு இன்ஜினுக்கு மூளை வைத்தவர் மூன்றை அழைத்தால் ஆறும் சேர்ந்து புறப்படும். இதற்குத்தானா ஐயா இத்தனை வருஷம்? டீகோடரின் ஞாபகத்தில் நம்பர் போட்ட அறைகள் உண்டு: நம்பரை மாற்ற ஒரு அறை, வேகத்துக்கு வேறொரு அறை, 29-ஆம் அறையில் திசையும் இன்னும் நாலைந்து சங்கதிகளும் ஒரே எண்ணாகக் கூட்டி அடைத்திருக்கும். ரயில் ஓட்ட உட்கார்ந்தவர் பேப்பரும் பென்சிலும் எடுத்து இரண்டின் அடுக்குகளைக் கூட்டிக்கொண்டிருப்பார். தப்பாகிப்போனால் எட்டாம் அறையில் எட்டு என்று எழுத வேண்டும். பல கம்பெனி டீகோடர்கள் அதோடு எல்லாவற்றையும் மறந்துவிட்டு மறுபடி மூன்றாம் நம்பராகப் பிறந்துவிடும்.

இந்த வம்பையெல்லாம் உருப்படியான காரணத்துக்காக விலைக்கு வாங்கியவர் என்று பாடகர் நீல் யங் ஒருவரைச் சொல்லலாம். அவர் மகனுக்கு மூளை முடக்குவாதம். சின்னத் திருகைப் பிடிக்க முடியாத அந்தப் பையன் பெரிய பட்டனை அழுத்தி ரயில் ஓட்ட வேண்டும் என்று அவர் கன்ட்ரோலர் வடிவமைப்பில் இறங்கி, 1990-களில் லயனல் கம்பெனியின் பங்குதாரராகவே ஆகிவிட்டார். மற்ற அப்பாக்கள் பிள்ளையை மேசைப் பக்கம் விட்டார்களா என்பது பற்றித் தகவல் இல்லை.

பழைய இன்ஜின் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டீகோடர் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் மல்டிமீட்டரை எடுத்து, ஒரு முனையை மோட்டார் பிரஷ்ஷிலும் மறு முனையைச் சக்கரத்திலும் வையுங்கள். இரண்டு பிரஷ்ஷுக்கும், இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பாருங்கள். ஒரு இடத்தில் ‘பீப்’ என்றாலும் பொட்டலம் அப்படியே இருக்கட்டும். பிரித்ததைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.