வில்லில் இருக்கும் பெயர்

கேள்வி: என்னிடமுள்ள பழைய செல்லோ வில்லில் ‘டூர்ட்’ என்று பிரெஞ்சு வில் வினைஞர் மேதையின் பெயர் பொறித்திருக்கிறது. விவரம் தெரிந்தவர்களோ ஜெர்மன் வேலை என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: விவரம் தெரிந்தவர்களைத்தான். டூர்ட் தன் வில்லில் பெயர் பொறிக்கும் வழக்கமே இல்லாதவர். ஆக, அது அவருடையதல்ல என்பதற்கு அந்தப் பெயரே முதல் சாட்சி!

ஜெர்மனியில், சாக்சனியின் மார்க்நொய்கிர்ஹென் வட்டாரத்து வீட்டுப் பட்டறைகளில் செய்த வில்கள், வியாபாரி கேட்ட பெயரைத் தாங்கிக் கப்பலேறின. செய்தவர் பெயர்தான் காணாமல் போனது. அதற்காக மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல வில்லுக்குப் பிரேசிலின் பெர்னம்புகோ மரம். அதை இழைத்து, அனலில் வாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பார்கள், அவசரப்பட்டால் முறிந்துவிடும். இத்தனை பாடும் சுமார் 80 கிராம் எடைக்குள்!

சொந்தப் பெயரில் நின்றவர்களும் உண்டு. ஹெர்மன் ரிச்சர்ட் பிரெட்ச்னர் பாரிஸில் கருவி வினைஞர் வில்லோமிடம் பயின்று, ஊர் திரும்பி 1880-ல் பட்டறை போட்டார். ஆல்பர்ட் நூர்ன்பெர்கரின் வில்லால் விரும்பி வாசித்தவர் வயலின் கலைஞர் டேவிட் ஆய்ஸ்ட்ராக்.

உங்கள் வில்லையும் வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்திருந்தால் அந்த அருமையான வளைவு போய்விடும்.